நான் விற்ற மூன்றாவது படகு

வீட்டை விற்றவர்கள் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நேர்மாறான புத்தி. விற்ற படகு எங்கே இருக்கிறது என்று விசாரித்து, போய்ப் பார்த்து, அதை வைத்திருப்பவன் வைத்திருக்கும் லட்சணத்துக்கு வயிறெரிந்து, வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுவேன். முப்பது வருடங்களில் மூன்று பாய்மரப் படகுகள் வைத்திருந்தேன். மூன்றையும் விற்றேன். மூன்றாவது படகு, வாங்கியவரைக் கொன்றது. படகு கொன்றது என்று சொல்வதுகூட என் வசதிக்காகத்தான்.

மலாக்காவில் எனக்குத் தெரிந்த தமிழர் யாரும் பாய்மரப் படகு வைத்திருந்ததில்லை. வீடு, கார், பிள்ளைகளின் படிப்பு என்று ஒழுங்காக இருப்பவர்கள். நான் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போவார். எஞ்சின் சத்தம் இல்லாமல், காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தப் படகு முதன்முதலில் சாய்ந்து ஓடிய நாளில், ஆபீஸில் எனக்கு மேலே இருந்த அத்தனை பேரையும் மன்னித்துவிட்டேன். அவர் ஊருக்குத் திரும்பியபோது படகை நான் வாங்கிக்கொண்டேன்.

மகள் பிறந்ததும் அதை விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர் உம்பாயில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பாய்மரத்தை அறுத்துப் போட்டுவிட்டு, படகைக் கடை வாசலில் நிறுத்தி, ஐஸ் கொட்டி அதன்மேல் மீனையும் நண்டையும் அடுக்கினார். நான் குடும்பத்தோடு அங்கே போய், என் சொந்தப் படகிலிருந்து வௌவால் மீனைப் பொறுக்கிக் கொடுத்துப் பொரிக்கச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன்.

"பேசாம அந்தப் போட்டுக்கே தாலி கட்டிருக்கலாம்லா நீங்க," என்றாள் மனைவி.

இரண்டாவதைச் சுங்கை ரம்பாய்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார். பாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் மாட்டினார். நாலைந்து வருடங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஆற்றோரச் சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை விரட்டிவிட்டுப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். உளுத்துப் போயிருந்தது. அன்று காரில் உட்கார்ந்து அழுதேன். அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை, இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவதுதான் நான் உண்மையில் ஆசைப்பட்டு வைத்திருந்தது. பதினான்கு அடி, ஒட்டுப்பலகையில் செய்தது. முன்பக்கமும் பின்பக்கமும் காற்றுப் புகாத இரண்டு பெட்டிகள் உண்டு. அந்தப் பெட்டிகள்தான் உயிர். படகு கவிழ்ந்தாலும் அவை அதை மூழ்கவிடா, பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கலாம். நானே இரண்டு முறை அப்படி மிதந்திருக்கிறேன், மீனவர்கள் வந்து இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

சாமி இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். கார் வாங்கினால் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்னால் ஒரு முருகனை வைக்கிறோம். படகு மட்டும் என்ன பாவம் செய்தது என்பது அவள் கேள்வி. தைப்பூசத்தில் தகரச் சட்டம் போட்ட முருகன் படம் ஒன்று வாங்கி வந்தாள். படகில் நிமிர்ந்த சுவர் என்று இருந்தது முன்பெட்டியின் சுவர் ஒன்றுதான். அதில் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் தண்ணீர் புகாத பசையைத் தடவித்தான் முடுக்கினேன். அந்தச் சுவரில் ஊசி முனை ஓட்டைகூட இருக்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முழங்கால் இரண்டும் போன பிறகு படகில் குனிந்து நிமிர முடியவில்லை. விற்றுவிடுவது என்று முடிவானது. டவுனில் நாங்கள் வழக்கமாக மசாலாத் தூள் வாங்கும் கடைக்காரர் ஆசைப்பட்டார். தமிழ் முஸ்லிம், நாற்பதைத் தாண்டியவர், என்னை அண்ணே என்று கூப்பிடுவார். இரண்டு ஞாயிறு என்னோடு வந்தார். இரண்டாவது ஞாயிறு கரை இறங்கியதும், "அண்ணே, எனக்கு இது தலைக்கு ஏறிடுச்சு. ராத்திரி படுத்தா கட்டில் ஆடுது," என்றார். விற்றால் இவருக்குத்தான் விற்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஐஸ் கொட்டமாட்டார், எஞ்சின் மாட்டமாட்டார்.

படகைக் கொடுப்பதற்கு முதல் நாள் மனைவி சொன்னாள்: "முருகனை எடுத்துருங்க. அவங்க முஸ்லிம்லா. வேணாம்னு சொல்ல வாய் வராது, வச்சிக்கவும் சங்கடமா இருக்கும்."

எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. இந்த ஊரில் நாங்கள் இப்படித்தான் இருந்து பழகியிருக்கிறோம், மற்றவர் கேட்பதற்கு முன்னாலேயே ஒதுங்கி வழிவிடுவோம். படத்தைக் கழற்றினேன். நான்கு ஓட்டைகள் தெரிந்தன. தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடித்தபோது மிஞ்சிய சுவர் பட்டி அரை டப்பா இருந்தது. அதை வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளைச் சாயம் பூசினேன். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல பசை வாங்கி வந்து அடுத்த வாரம் சரியாக அடைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளே படகு அவருடையதாகிவிட்டது. இங்கே நான்கு ஓட்டை இருக்கிறது, கவனியுங்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். உங்களுக்காகச் சாமியைக் கழற்றினேன் என்று சொல்ல வேண்டி வரும். அது அவரைக் குத்திக்காட்டுவது மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு பிற்பகலில் திடீரென்று காற்று தூக்கியது. தனியாகப் போயிருந்தார். உம்பாய் மீனவர்கள் படகைத்தான் முதலில் கண்டார்கள். முன்பக்கம் முழுவதும் தண்ணீருக்குள் போய், பின்பக்கம் மட்டும் செங்குத்தாக நீட்டிக்கொண்டு நின்றதாம். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத வழவழப்பான அடிப்பலகை. இழுத்து வந்து ஜெட்டி ஓரம் போட்டிருந்தார்கள். நான் போனபோது ஆளை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். நானோ பாய்மரம் முறிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அப்படிப்பட்ட பிறவி நான்.

பிறகுதான் முன்பெட்டியைப் பார்த்தேன். பட்டி கரைந்து போயிருந்தது. படகைச் சாய்த்துப் போட்டிருந்ததால் நான்கு ஓட்டைகளிலிருந்தும் தண்ணீர் மெல்லிய கோடாக வடிந்துகொண்டிருந்தது. நான் அங்கே நின்ற அவ்வளவு நேரமும் வடிந்தது. பக்கத்தில் நின்ற யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் கிடைத்தார். உயிர்காப்புச் சட்டை போட்டிருக்கவில்லை. அதுதான் காரணம் என்று மீனவர்கள் சொன்னார்கள், பள்ளிவாசலில் சொன்னார்கள், டவுன் முழுக்கச் சொன்னார்கள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "சொன்னா மட்டும் அவர் திரும்பி வரப் போறாரா? விடுங்க," என்றாள். அதற்குப் பிறகு அந்த முருகன் படத்துக்கு அவள் பூ வைப்பதில்லை.

அவர் மனைவி கணவனை இழந்தவர்கள் இருக்க வேண்டிய இத்தாவில் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்தார். முடிந்ததும் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் சனிக்கிழமைதோறும் போவேன். தூள் வேண்டுமோ வேண்டாமோ, போவேன். பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து ஒரு தே வரவழைத்துக் கொடுப்பார். ஆள் இல்லாத நேரத்தில் மனம்விட்டுப் பேசுவார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அந்தச் சட்டையில் வந்து நிற்கும்.

"ஒரு சட்டை அண்ணே. அதைப் போட அவுகளுக்கு வலிச்சிச்சா? மூணு புள்ளைங்களை நெனச்சாகளா? புழுக்கமா இருக்குன்னு கழட்டி வச்சிட்டுப் போயிருக்காக."

சட்டை போடாமல் படகு ஓட்டிக் காட்டியவனும் நான்தான். அதையும் சொல்லவில்லை.

கணவர் இறந்த எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை, அவரே பேச்செடுத்தார். "அண்ணே, அந்த போட்டு உம்பாயிலேயே கெடக்குதாம். எனக்குப் பார்க்கவே புடிக்கல. நீங்க எடுத்துக்கங்க. காசெல்லாம் வேணாம். அவுக சொல்லுவாக, அண்ணனுக்கு அதை விக்கவே மனசில்ல, எனக்காகத்தான் குடுத்தாகன்னு."

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் மனம் துள்ளியது. வீட்டுப் பக்கவாட்டில் அதை எங்கே வைக்கலாம், தார்ப்பாய் எத்தனை அடி வேண்டும் என்பது வரை கணக்குப் போட்டுவிட்டது. தலையை ஆட்டினால் போதும், படகு என்னுடையது. அந்தத் துள்ளல்தான் என்னைப் பயமுறுத்தியது. இதை வாங்கிக்கொண்டால் நான் மனுஷனே இல்லை என்று தெரிந்தது.

சொன்னேன். படம், நான்கு ஸ்க்ரூ, சுவர் பட்டி, ஜெட்டியில் வடிந்த தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் கழற்றினேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கையில் சீரகப் பொட்டலம் ஒன்று இருந்தது. கட்டி முடித்து ஓரமாக வைத்தார்.

"அந்தப் படத்தை அவுக மொத நாளே பார்த்தாக," என்றார். "அண்ணன் ஏன் எடுத்தாகன்னு வீட்டுல வந்து கேட்டாக. அதை வேணாம்னு நான் சொல்லலையேன்னாக."

பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஓட்டை இல்லாட்டி, சட்டை போடாமலே பொழச்சிருப்பாகளா?"

"பொழச்சிருப்பாரு."

வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். மல்லித்தூள் கேட்டார். நிறுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்து, அவர் வாசலைத் தாண்டும் வரை அந்த அம்மாள் காத்திருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எட்டு மாசமா நான் அவுகளைத் திட்டிக்கிட்டு இருக்கேன். தொழுதுட்டு எந்திரிச்சதும் மொத வேலையா அவுகளைத்தான் திட்டுவேன். துஆ கேக்கக்கூட மனசு வரல எனக்கு. நீங்க இங்கே உக்காந்து தே குடிச்சிக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.