மீன் பிடிக்கும்

செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் பதினேழு வருடமாக வேலை பார்ப்பதால் அவளுக்குப் பல்லக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. முகம் தெரியாதவர்களின் வாய்க்கு மெழுகில் பல் நடுவாள், தேய்ப்பாள், மெருகு போடுவாள். நாள் முழுக்கக் காதைக் குடையும் மோட்டார் சத்தம். வீட்டுக்கு வந்தால், வாய் திறந்தாலும் சத்தம் வராத ஜீவன்கள்தான் வேண்டும். பின்னறையில் கட்டில் போக மிச்ச இடத்தில் மூன்று மீன் தொட்டிகள் வைத்திருந்தாள்.

வீடு, அப்பா அவளுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து விட்டுப்போனது. அண்ணிக்கு அது மட்டும் அடிக்கடி மறந்துபோகும். பின்னறையைப் பிள்ளைகளுக்குப் படிப்பறை ஆக்க ஒரு வருடமாக அடிபோட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அண்ணிதான் ஒரு நாள் தேன் ஒழுகப் பேசினாள்.

"எங்க ஆபீஸுக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ண வர்றவரு. உன்ன மாதிரியே தனியா இருக்காரு. உனக்கும் மீன் பிடிக்கும், அவருக்கும் மீன் பிடிக்கும். இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்? சனிக்கிழமை காபி கடையில பாத்துப் பேசிட்டு வா."

"சனிக்கிழமை முடியாது அண்ணி. முட்டை போட்டிருக்கு. குஞ்சு வர்ற நேரம்."

"நீ என்ன அடைகாக்கவா போற? நான் பாத்துக்கறேன். ஆறு மணிக்கு முன்னாடி வந்து நிக்காத."

சனிக்கிழமை காபி கடைக்கு லிஃப்ட்காரர் நேரே ஏரியிலிருந்து வந்திருந்தார். காலடியில் ஒரு டப்பா குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு மீன் பிடிக்கும்னு அண்ணி சொன்னாங்க. தூண்டிலா, வலையா?"

பல்லக்காவுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. "எனக்கு மீனைப் பிடிக்கும். தொட்டியில வளக்கறேன்."

"ஐயையோ. எனக்குப் பிடிக்கப் பிடிக்கும்."

சிரித்திருப்பாள். அதற்குள் அவர் போனை நீட்டியிருந்தார். படத்தில் ஒரு மீன், மேலுதட்டில் கொக்கி, தாடை பிளந்திருந்தது. பதினேழு வருடமாக வாய்க்காகவே வேலை செய்கிறவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வாயைக் கிழிச்சுட்டு அதோட போட்டோ வேறயா? இந்த டப்பாவுல யாரு?"

"இரைக்கு குட்டி மீன். சாகாம இருக்க காத்து விடற பேட்டரி மோட்டார்." அவர் குரல் இறங்கியது. "என்ன ஏங்க திட்டறீங்க? தூண்டில் போடுவேன்னு உங்க அண்ணிகிட்ட தெளிவாத்தான் சொன்னேன். எல்லாம் ஒண்ணுதான், ஆறு மணி வரைக்கும் எப்படியாவது பேச்சுக் குடுத்துட்டே இருங்கன்னாங்க. ஏன்னுதான் தெரியல."

பல்லக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மணி நாலேகால். காபியை அப்படியே விட்டு ஓடினாள்.

பின்னறையில் மூன்று தொட்டிகளும் காலியாகச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. முட்டை ஒட்டிய இலை தரையில் மிதிபட்டுக் கிடந்தது. அவளுடைய காற்று மோட்டார் தண்ணீரில் ஊறிச் செத்திருந்தது. குளியலறையில் ஒரே வாளிக்குள் அத்தனை மீனும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அண்ணன் குனிந்து புது மேசைக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"அதுக்குள்ளயா வந்துட்ட?" என்றாள் அண்ணி. "எப்படியும் நீ போகப்போறவதானே."

"ஒரு காபி ஆறறதுக்குள்ள என்னக் கட்டிக் குடுத்து ரூமையும் காலி பண்ணியாச்சா? பாத்துக்கறேன்னீங்களே, இதான் பாத்துக்கற லட்சணமா? அண்ணா, உன்னோட வீடு மட்டுமா இது? வாயத் திறக்க மாட்டியா? பல்லு கட்டித் தரட்டுமா?"

அண்ணன் இன்னொரு திருகாணியைத் தேடினான்.

அவள் போனை எடுத்து, அண்ணி கொடுத்திருந்த லிஃப்ட்காரர் நம்பரை அழுத்தினாள். "அந்தப் பேட்டரி மோட்டாரைத் தூக்கிட்டு இப்பவே வாங்க."

கால் மணி நேரத்தில் லிஃப்ட்காரர் வந்து குழாயை வாளிக்குள் விட்டார். குமிழிகள் கிளம்பின. இரண்டு மீன்கள் மல்லாந்திருந்தன. மற்றவை மெல்லக் கீழே இறங்கின. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"மோட்டாருக்குத்தான் கூப்பிட்டேன். உங்களப் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தமில்ல."

"சரிங்க."

"இந்த மேசையோட அந்த முனையப் பிடிங்க."

பிடித்தார். "எங்கங்க வைக்கணும்?"

"எங்க அண்ணி கட்டில் மேல."