முனீஸ்வரியின் சிலிண்டர்

எங்கோ கடலில் கப்பலை மறித்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்திக்கு மூச்சு முட்டுமா? முட்டியது.

முனீஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. பால்கோவா பட்டறையில் இருபது வருடமாகக் கிண்டுகிறாள். பால் சுண்டும்வரை கரண்டியை நிறுத்தக் கூடாது. இருமுவதற்காக நின்றாலும் அடிப்பிடித்து மொத்தச் சட்டியும் பாழ். அதனால் இருமலை அடக்கியே பழகியவள். விறகுப் புகையில் இளைப்பு வந்தபோது, இனிப் புகைப்பக்கமே போகக் கூடாது என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். நல்லவேளையாக முதலாளி காசிராஜன் மூன்று வருடம் முன்பு கேஸ் அடுப்பு போட்டார். இளைப்பு அடங்கியது, படுத்தால் தூக்கம் வந்தது. முன்னேற்றம் முன்னேற்றம் என்று மேடையில் முழங்குகிறார்களே, முனீஸ்வரிக்கு அது இவ்வளவுதான்.

வளைகுடாவில் சண்டை மூண்டதும் கடைகளுக்கு வரும் சிலிண்டர் நின்றது. பத்து நாள் பொறுத்துப் பார்த்த காசிராஜன் ஒரு லோடு விறகை இறக்கினார். பழைய குருடி கதவைத் திறடி. இரண்டாம் நாளே அவள் நெஞ்சு கீச்சிட்டது.

மூன்றாம் நாள் வீட்டுச் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து தன் அடுப்பில் மாட்டச் சொன்னாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் காளீஸ்வரியிடம், ரெண்டு வாரம் கொல்லையில் விறகு வைத்துச் சமாளி என்று சொல்லியிருந்தாள். பெற்ற தாய்தான் சொன்னாள். மூச்சு முட்டுகிறவளுக்குத் தன் மூச்சுதான் முதலில் தெரியும். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் எரிப்பது குற்றம் என்று தெரிந்தும் காசிராஜன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கென்ன, வேலை நடந்தால் சரி.

வீட்டில் ஒன்றரை மாதம் வருவது இங்கே பதினைந்து நாளாவது ஓடாதா என்பது அவள் நினைப்பு. பட்டறை அடுப்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மாட்டிய மூன்றாம் நாள் மத்தியானமே தீ அணைந்துவிட்டது. அடுத்த சிலிண்டர் எப்போது என்று ஏஜென்சியில் கேட்டாள். அவர்களுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, காளீஸ்வரி எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதிவிட்டு மூச்சை இழுத்தாள். உள்ளே கீச்சென்றது. முனீஸ்வரி ஓடிப்போய் மகளின் தோளைப் பிடித்தாள்.

"ஏட்டி, எந்திரி. வாசல்ல போயி காத்தோட்டமா உக்காரு. இனி இந்த அடுப்பும் நாந்தான்."

"ஒனக்கு ஆகாதும்மா. டாக்டரு சொன்னாருல்ல?"

"எனக்குன்னா ஒரு உசுரோட போகும். ஒனக்கு ரெண்டுல்லா."

மகளை எழுப்பி அனுப்பிவிட்டு, ஊதுகுழலை எடுத்துக்கொண்டு புகைக்கு முன்னால் உட்கார்ந்தாள் முனீஸ்வரி. விடிந்தால் பட்டறையிலும் விறகுதான்.