தவராசா அளவு குறைக்கவில்லை

கூட்டமொன்றுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. “நம்மட அரைக்காஸ் தவராசா மோசம்போயிட்டார் ஐயா,” என்றார் நண்பர். குருக்கள்மடம் ஊரில் வண்டிகளின் குளிரூட்டிகளைச் சீர்செய்து வாழ்ந்தவரின் இறப்பு, அந்தப் பட்டப்பெயரோடுதான் என் காதில் விழுந்தது. அவரை அறிந்தவர்களே, அந்தப் பெயருக்குக் காரணமான வாய் என்னுடையது.

என் பழைய மகிழுந்தின் குளிரூட்டிக்குரிய வளிமம், நாம் சொல்லும் ‘காஸ்’, ஓசோன் படலத்தை அரிப்பதென்று உலகமே கைவிட்டது. புதியதற்கு மாற்றும் பணியைத் தவராசாவிடம் ஒப்படைத்தேன். எஞ்சியிருந்த பழையதை வெளியே திறந்துவிடாமல் உருளையொன்றில் இழுத்தெடுத்தார். பழைய எண்ணெயை வடித்தார். இறப்பர் வளையங்களையும் ஈரம் உறிஞ்சும் குடுவையையும் மாற்றினார். பின்பு புதிய வளிமத்தின் உருளையைத் தராசில் வைத்து நிரப்பினார். வண்டியின் தகட்டில் பொறித்திருந்த எடையை எட்டுமுன்பே குழாயை மூடினார்.

பட்டறையில் காத்திருந்தவர்கள் அனைவரும் கேட்க, அளவு குறைக்கும் கை என்று முழங்கினேன்.

“அந்தத் தகடு பழைய காஸுக்கு அடிச்சது ஐயா. இதுக்கு அவ்வளவு தேவையில்ல. கூட்டினா வண்டிதான் கஷ்டப்படும்,” என்றார் அவர்.

“அப்ப, அரைக்காஸ்தானா அண்ணன்?” என்று ஒருவர் நக்கலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

வேறொரு பட்டறையில் தகட்டின் எடைவரை நிரப்புவித்தேன். கிரான் ஊருக்குப் போகும் வழியில், நண்பகல் வெயிலில், அழுத்தம் தாங்காமல் பாதுகாப்பு வால்வு திறந்து வளிமம் முழுதும் சீறி வெளியேறியது. நேரே குருக்கள்மடம் திரும்பினேன். தவராசா குத்திக்காட்டவில்லை. தம் அளவிலேயே மீண்டும் நிரப்பினார், வண்டி குளிர்ந்தது. மன்னிப்புக் கேட்டேன். கையைத் துடைத்தபடி சொன்னார்: “எனக்கிட்டச் சொல்லி என்ன ஐயா? அண்டைக்கு நிண்டு கேட்டவங்களுக்கிட்டச் சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. மேடைதோறும் அநீதியை எதிர்த்து முழங்கியவன், இந்த ஒன்றை மட்டும் விழுங்கினேன். அவருடைய வாடிக்கையாளர் சிலர் வேறிடம் போனதை அறிந்தும் விழுங்கினேன்.

இனி விழுங்கமாட்டேன். அன்று சிரித்தவர்களே, கேளுங்கள்: தவராசா அளவை அறிந்தவர், நான் அறியாதவன். முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியின் முன் நின்றும் இதையே சொல்வேன். மறுப்பவர் தராசோடு வரட்டும்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு கட்டளை. அவர் கேட்க இல்லாத இடத்தில் அதை நிறைவேற்றுவது எனக்கு இழிவு. நிறைவேற்றாமல் விடுவது அதனினும் இழிவு.