மீனாம்பிகையின் தண்ணீர் முறை

சண்டிலிப்பாயில் பங்குக் கிணற்றுக்கு முறை எழுதி ஒட்டுவது தயாளினியின் வேலை. இன்று யாருடைய தோட்டத்துக்குத் தண்ணீர், நாளை யாருக்கு என்று முன்பெல்லாம் பங்குக்காரர் மோட்டர் கொட்டிலடியில் தொண்டை கிழியக் கத்துவார்கள். விவசாயச் சங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்த தயாளினி, தானே தட்டித் தடவிப் படித்து கணினி விரிதாளில் ஒரு மக்ரோ, அதாவது தானாக வேலை செய்யும் கட்டளை வரிகள், எழுதினாள். பொத்தானை அமத்தினால் மாத முறை வந்து விழும். சத்தம் அடங்கியது. கணினி ஒருவர் பக்கமும் சாயாது என்று ஊர் நம்பியது. அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இருக்கட்டுமே.

இந்த வருடம் சங்கத்துக்குப் புதிய மென்பொருள் போட்டார்கள். பொத்தானை அமத்தினாள், முறை வந்தது, ஒட்டினாள்.

பிறகொரு நாள் சைக்கிளில் வீடு திரும்பும்போது, மீனாம்பிகை வாளியில் தண்ணீர் சுமந்து வெங்காயப் பாத்திக்கு ஊற்றுவதைக் கண்டாள். பயிர் பாதி வாடிக் கிடந்தது. கணவர் சோமசேகரம் இறந்து ஒரு வருடம் முடியும் ஆட்டைத்திவசம்கூட இன்னும் வரவில்லை.

“ஏன் அக்கா வாளியிலை? உங்கடை முறைக்கு இறைக்கேல்லையோ?”

“முறையிலை என்ரை பேர் இல்லையே, பிள்ளை.”

“ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ?”

“என்னத்தைக் கேக்கிறது. அவர் போனாப்பிறகு அப்பிடித்தானாக்கும் எண்டு இருந்திட்டன்.”

மற்றப் பங்குக்காரரோ, மீனாம்பிகை தோட்டத்தைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கணினி சொல்லிவிட்டதாம், பிறகு மனிதருக்கு என்ன வேலை?

சைக்கிளைத் திருப்பிச் சங்கத்துக்கே போனாள். விரிதாளின் பங்குக்காரர் பக்கத்தையும் தோட்டப் பக்கத்தையும் பெயரால் பொருத்தித்தான் மக்ரோ முறை போடும்; இரண்டிலும் மீனாம்பிகையின் பெயர் ஒரே மாதிரித்தான் இருந்தது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தபோதுதான் ஒன்று மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாகச் சிதறியது. சோமசேகரம் இறந்ததும் பங்குக்காரர் பக்கத்தில் அவர் பெயரை எடுத்து மனைவி பெயரைப் போட்டது பழைய பாமினி எழுத்துருவில். அதில் தமிழ் வெறும் மேற்பூச்சு, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மற்றப் பக்கத்தை மாற்றியது புதிய மென்பொருள் வந்த பிறகு, உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோட்டில். கண்ணுக்கு ஒரே மீனாம்பிகை, மக்ரோவுக்கு இரண்டு பேர்.

அப்படியானால் மக்ரோ ஏன் நின்று சொல்லவில்லை? தேடினாள். அடிக்கடி நின்று கரைச்சல் தருகிறது என்று அந்தக் காலத்தில் அவளே எழுதிய ஒரு வரி இருந்தது. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்ததுக்குப் போ என்பது அதன் பொருள். ஊர் முழுக்க அந்த வரியின்படிதான் நடந்திருக்கிறது.

பெயர்களையெல்லாம் யூனிகோட்டில் புதிதாக அடித்தாள். அந்த வரியை அழித்தாள். பெயர் பொருந்தாவிட்டால் மக்ரோ நின்று திரையில் இப்படிக் காட்ட இன்னொரு வரி எழுதினாள்:

“இந்த ஆளைக் காணேல்லை. வீட்டை போய்க் கேள்.”