பீடிங் சாந்தாமணி

“பேச்ச நிறுத்துங்க தம்பி, காது கேக்கோணும்.”

சாந்தாமணி அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். நான் குறிச்சியில் அலுமினியத்துக்குப் படலம் ஏற்றும் ஓர் அனோடைசிங் தொழிற்சாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் லட்சுமணசாமி என்பவரின் கார் பட்டறைக்குப் போய்ப் பட்டைகளை வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே அக்கா ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றிருந்தார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை. இரண்டு கையிலும் தோள்வரை மாட்டு டாக்டர் போடுகிற ரப்பர் உறை. தொட்டியில் காஸ்டிக் சோடாத் தண்ணீர். அதற்குள் நாலடி நீளத்தில் ஓர் அலுமினியப் பட்டை கிடந்தது.

பழைய அமெரிக்கக் கார்களின் இடுப்பில், முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஒரு வெள்ளிக் கோடு ஓடுமே, அந்தப் பட்டைதான். பட்டறைக்காரர்கள் பீடிங் என்பார்கள். செய்யும்போதே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கெட்டியான படலம் ஒன்றை ஏற்றி அனுப்பியிருப்பார்கள். முப்பது வருட வெயிலில் அந்தப் படலம் பூத்துச் சாம்பல் தட்டிப் போகும். அதன் மேலேயே பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள் கோயமுத்தூரில் நிறையப் பேர். “தோலோட தேச்சா என்னத்துக்குங்க ஆகும்? உரிச்சுப்போட்டுத்தான் மினுக்கோணும்” என்பார் அக்கா.

தோல் உரிந்ததை அவர் காதால் கண்டுபிடிப்பார். படலம் கரைகிறவரை தொட்டியில் சத்தமே இருக்காது. வெறும் உலோகத்தைக் காரம் தொட்ட நொடியில் சொய்யென்று நுரைத்துக் கத்தும். உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தால் பட்டை முழுக்க அம்மைத் தழும்பு. எனக்கு இது மூன்று வருடம் படித்த பாடம். சென்னிமலைக்குத் தெற்கே எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சமன்பாட்டை ஒரு சிகரெட் அட்டையில் எழுதி அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாருக்குதுங்க தம்பி. இதுல கத்துற எடம் எதுங்க?”

எடுத்த பட்டையைத் தண்ணீரில் அலசி, ஒடுங்கிய இடங்களை உள்பக்கமிருந்து மரக்கட்டையால் தட்டி நிமிர்த்துவார். பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நாலு தடவை. கடைசியில் மெருகுச் சோப்பைத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியில் தடவிக் கையாலேயே தேய்ப்பார். மோட்டார் சக்கரம் அவருக்கு ஆகாது. “அதுக்கு மண்டைக்கனமுங்க, ஓரத்தையெல்லாம் தின்னுபோடும்.” தேய்ப்பது எப்போதும் நெடுக்க மட்டும். வட்டமாகத் தேய்த்த பட்டை எதிரே வந்தால் ரோட்டிலேயே நின்று, “எந்தக் கிறுக்கன்டா தேச்சது?” என்று டிரைவரைக் கேட்டுவிடுவார். தேய்த்து முடித்த பட்டை எங்கள் தொழிற்சாலைக்கு வரும். மறுபடி படலம் ஏற்றித் தருவோம்.

இப்படிப்பட்டவரைத்தான் பொருளை எரித்தவள் என்றார்கள். வருடம் இரண்டாகப் போகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் கிருபாசங்கர் என்று ஒரு மில் முதலாளி. அவருடைய அறுபத்துமூன்றாம் வருடத்து டாட்ஜ் கார், பழைய கார்களின் அணிவகுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தில் எல்லாப் பாகமும் ஒரிஜினல் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பட்டறையிலும் அதையே சொன்னார். ஆறு பட்டைகளில் ஐந்து நன்றாக வந்தன. ஆறாவதைத் தொட்டியில் வைத்ததுமே கத்திற்று. அக்கா பதறி எடுப்பதற்குள் கரிச்சட்டிபோல் கறுத்துவிட்டது. பட்டைகளை வாங்க வந்த நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

கிருபாசங்கர் இரண்டு நண்பர்களோடு வந்து இறங்கினார். “என்னம்மா காரியம் பண்ணிப்போட்ட? கப்பல்ல வந்த பீஸு. எரிச்சுப்போட்டயே!”

“எரிக்கலைங்க. போட்டதுமே கத்துச்சுங்க. இதுக்குத் தோலே இல்ல. இது வண்டியோட பொறந்ததில்லைங்க.”

“பின்ன எங்கூட்டு ஜன்னல்ல பொறந்ததா?”

“இருந்தாலும் இருக்குமுங்க. ஊட்டுக்குப் போயி ஜன்னல எண்ணிப் பாருங்க.”

பட்டறை வெல்டர்கள் சிரித்துவிட்டார்கள். லட்சுமணசாமிக்கு முகம் வெளுத்தது. மில்லின் லாரிகள் எட்டும் அவர் பட்டறைக்குத்தான் வருகின்றன. “சாந்தாமணி, ஐயாகிட்ட வாய் குடுக்காத. எரிஞ்சுபோச்சு, தப்புத்தான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வேலையப் பாரு. இல்லீன்னா நாளையிலிருந்து வராத.”

ஒரு வார்த்தை! அதைச் சொன்னால் பழைய கார் வைத்திருக்கும் அத்தனை வீட்டிலும் பீடிங்கை எரித்தவள் என்ற பெயர் போய்ச் சேரும். சொல்லாவிட்டால் பட்டறை இல்லை.

“சொரண்டிப் பாக்காம முக்குனது என் தப்புங்க. ஐயா சொன்னத நம்பிப்போட்டேன். அதுக்கு வேணும்னா கும்புட்டுக்கறேன். எரிச்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேனுங்க.”

நான் பொறுக்க முடியாமல் நடுவே புகுந்தேன். “அவங்க சொல்றது சரிங்க. செம்பு கலந்த அலுமினியந்தான் காரத்துல இப்படிக் கறுக்குமுங்க. ஒரிஜினல் பீடிங்ல செம்பு இருக்காதுங்க. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.”

கிருபாசங்கர் என்னைச் செருப்பிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். “எந்த ஊரு நீ? ஆரு பையன்?”

நான் என்ன படித்தேன் என்று சொன்ன பிறகு வந்த கேள்வி அது. என் அப்பாவின் பெயருக்கும் செம்புக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பெண்பிள்ளை இருபது வருடம் கையால் கற்றது பொய், ஒருவன் பரீட்சை எழுதிக் கற்றது பொய், மில் வைத்திருப்பவர் வாயில் வருவது மட்டும் மெய்யா?

அவருடைய டிரைவர் கதிர்வேல் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு நாள் பேக்கரியில் அவரே என்னிடம் சொன்னார்: “மதுக்கரைல லாரி ஒரசி ஒரிஜினல் சுருண்டுபோச்சுங்க. பழைய பஸ்ஸுப் பட்டைய அறுத்து மாட்டுனோம். ஐயாதான் பக்கத்துல நின்னு மாட்டச் சொன்னாரு.” அன்று அவர் வாய் திறக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெரிந்தே பழி போட்டவரை மட்டும் என்ன சொன்னாலும் தகும்.

அக்கா வாதாடவில்லை. மெருகேறிய ஒரு பட்டையையும் கறுத்த பட்டையையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கறுத்ததன் உள்பக்கம் ஓரிடத்தில் வெள்ளையாகும்வரை சுரண்டினார். பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் காரத்தண்ணீரை உறிஞ்சி எடுத்தார்.

“ரெண்டுலயும் உள்பக்கத்துல ஒவ்வொரு சொட்டு உடறனுங்க. ரெண்டும் கறுத்துச்சுன்னா நான் எரிச்சவ. இது மட்டும் கறுத்துச்சுன்னா நீங்களே சொல்லுங்க.”

நண்பர்கள் இருவரும் ஆவலாகக் குனிந்தார்கள். கிருபாசங்கர் வெடுக்கென்று மெருகேறிய பட்டையைப் பிடுங்கிக்கொண்டார். “ஒரு சோதனையும் வேண்டாம். ஒண்ணு எரிச்சது போதாதா?”

நண்பர்கள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். லட்சுமணசாமி, “சாந்தாமணி, நீ கெளம்பு” என்றார்.

அக்கா பில்லரைக் கீழே வைத்தார். உறைகளைக் கழற்றித் தொட்டி விளிம்பில் போட்டார். பிறகு கிருபாசங்கரிடம் போய்க் கையை நீட்டினார். “அதக் குடுங்க. வெறுங்கையில புடிச்சா வேர்வைத் தடம் உழுந்துரும்.”

அவர் ஏனென்று கேட்காமல் கொடுத்துவிட்டார். அக்கா அவருடைய ஐந்து விரல் தடங்களையும் சட்டைக் கையால் நெடுக்கத் துடைத்தார். வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்த்துப் பார்த்துவிட்டு, பனியன் துணியில் சுற்றி அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

இப்போது சாந்தாமணி அக்கா போத்தனூரில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் மூடிகளுக்கு மெருகு போடுகிறார்.