பதினைந்து இறாத்தல் மீற்றர்

எங்கள் லொறியின் முன்சீற்று அம்மாவுடையது. அதில் எனக்கு இருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. சீமெந்து ஏற்றினாலும் செங்கல் ஏற்றினாலும், அப்பா ஸ்ரேறிங்கைப் பிடிப்பதற்கு முன்பே அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மற்றப் பக்கத்தால் ஏறிவிடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். எனக்குக் கிடைப்பது சீற்றுக்குப் பின்னாலிருந்த பலகை. அதிலிருந்து பார்த்தால் மன்னார் முழுவதும் அம்மாவின் கொண்டையைச் சுற்றித்தான் தெரியும்.

இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டு நாங்கள் தோட்டவெளிக்குத் திரும்பி இரண்டு வருடம்கூட ஆகாத காலம் அது. எனக்கு ஒன்பது வயது. தீவிலும் பெருநிலத்திலும் எங்கு பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வீடுகளுக்கும் சாமான் வேண்டியிருந்ததால் அப்பாவின் பழைய லொறிக்கு ஓய்வில்லை. அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

அம்மாவையும் அப்பாவையும் ஊரில் சோடிப்புறா என்று பகிடி பண்ணுவார்கள். அப்பாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில் கேட்பதற்கும் அம்மாவே எட்டிப் பதில் சொல்லிவிடுவார். லொறி ஓடும்போது அம்மாவின் வலக்கை அப்பாவின் தோளில் கிடக்கும். சில நேரம் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே அப்பா வேகத்தைக் குறைப்பார், அல்லது ஓரமாக நிறுத்துவார். பிள்ளையை வைத்துக்கொண்டு இதென்ன கொஞ்சல் என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

முன்சீற்று ஆசை முற்றிப்போய் ஒருநாள் ஒரு பாவம் செய்தேன். ஸ்ரேறிங்குக்கு நேரே ஒட்டியிருந்த மாதா படத்தின் முன்னால் முழந்தாளில் நின்று, அம்மாவுக்கு ஒரேயொரு நாள் காய்ச்சல் தரும்படி மன்றாடினேன். நான் அதுவரை கேட்ட எதையும் தராத மாதா அதை மட்டும் மூன்றாம் நாளே தந்துவிட்டார்.

அம்மா போர்த்துக்கொண்டு படுத்திருக்க, நான் முன்சீற்றில் ராணிபோல ஏறினேன். நறுவிலிக்குளத்துக்குச் சீமெந்து. வானம் கறுத்திருந்ததால் அப்பா கொஞ்சம் விரைவாகவே ஓட்டினார். தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற தாம்போதியில் பாதி தூரம் போயிருப்போம். எஞ்சின் விக்கத் தொடங்கியது.

"அப்பா, லொறி விக்குது" என்றேன்.

அப்பா தெருவைப் பார்த்தபடி ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் சொன்னேன். அவருக்குத் தெரியாததா என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். லொறி இரண்டு முறை உதறிவிட்டுத் தெரு நடுவே நின்றது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. அப்பா கண்ணாடியில் பார்த்த பிறகுதான் இறங்கினார். பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, "எஞ்சின் சாகிற சத்தம் ஊருக்கே கேட்டது. உனக்கு மட்டும் காது அடைச்சுப்போச்சோ?" என்று கத்தினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுக்குக் கல்லெறியலாம் போலிருந்தது. அப்பா டீசல் குழாய்களைக் கழற்றிப் பூட்டி முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. மேலே இருந்த சீமெந்துப் பைகள் வீணாகிப் போயின. சீமெந்து கொடுத்த கடைக்காரர், இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு லொறி பார்ப்பேன் என்று சொல்லியனுப்பினார்.

பின்னேரம் அம்மா என்னைப் படுக்கைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எஞ்சின் விக்கினது உனக்குக் கேட்டதோ?"

"ஓம். அப்பாட்டச் சொன்னனான்."

"தொட்டுச் சொன்னியோ?"

"தொடுறதோ? வாயாலதான் சொன்னனான்."

என் மன்றாட்டு எங்கே வெளியே வந்துவிடுமோ என்று பயந்து நான் மெதுவாக நழுவிவிட்டேன்.

மறுநாளே சின்ன மாமாவுக்கு ஆள் போனது. அவர் அம்மாவின் தம்பி. நாங்கள் இந்தியாவுக்குப் போனபோது வன்னியிலேயே தங்கிவிட்டவர். ஒன்றும் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடவைத்த மெக்கானிக். தகரமும் ரியூப் துண்டும் இருந்தால் அவருக்குப் போதும். அவர் லொறியைப் பார்த்துவிட்டு, பீப்பாய் டீசலில் வருகிற ஊத்தை பில்ற்றரை அடைக்கிறது என்றார்.

"அடைக்கிறதை முன்கூட்டி எப்பிடித் தம்பி அறியிறது?" என்று அம்மா கேட்டார்.

"இதென்ன அக்கா, சத்தத்திலயே..." என்று தொடங்கிய மாமா பாதியில் நிறுத்திவிட்டார். அப்பா அப்பால் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். மாமா அவரையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சத்தம் வேண்டாம். கண்ணால பாக்கிறமாதிரி ஒண்டு வேணும்" என்றார் அம்மா.

டீசல் அமுக்கத்தைக் காட்டுகிற மீற்றர் ஒன்று பூட்டலாம் என்று மாமா தாழ்ந்த குரலில் சொன்னார். பில்ற்றரைத் தாண்டி டீசல் என்ன விசையில் வருகிறது என்பதை அது காட்டும். பில்ற்றர் அடைக்க அடைக்க முள் இறங்கும். எஞ்சின் விக்குவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

மன்னார் ரவுணில் ஒரு வாகனச் சாமான் கடைக்கு அம்மாவும் மாமாவும் நானும் போனோம். கடைக்காரர் கண்ணாடி மேசையில் ஐந்து மீற்றர்களை வரிசையாக வைத்தார். மாமாவின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும். இருக்கிற ஒன்றை எப்படியாவது பொருத்திப் பழகிய மனிதரிடம் ஐந்தைக் காட்டி ஒன்றை எடு என்றால் என்ன செய்வார்? ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வியர்த்துப்போனார். கடைசியில் நூறு இறாத்தல் அமுக்கம் வரை எழுதியிருந்த மீற்றரை எடுத்தார்.

"நூறு காட்டுறது இருக்க, பதினைஞ்சு காட்டுறதை ஆரும் வாங்குவினமோ?" என்று எங்களையே கேட்டார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பில்ற்றரிலிருந்து பம்புக்குப் போகிற குழாயில் ஒரு முச்சந்தி இணைப்பு வைத்து, அங்கிருந்து மெல்லிய செப்புக் குழாயை ஸ்ரேறிங் பக்கம் கொண்டுவந்தார் மாமா. எஞ்சின் அதிர்வில் குழாய் வெடிக்காமலிருக்க நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். பூட்டுவாயில் டீசல் கசியாமலிருக்கப் பழைய செப்பு வாசர்களை அம்மாவின் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கியெடுத்தார். குழாய்க்குள் நின்ற காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு எஞ்சினை எழுப்பினார். முள் சைபரைவிட்டு ஒரு நெல்லளவு அசைந்து, அங்கேயே கிடந்தது. மாமா தட்டிப் பார்த்தார், கழற்றிப் பூட்டினார், மறுபடி மறுபடி காற்று எடுத்தார். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். முள் அசைவேனா என்றது.

அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து கேட்டார்: "இதில டீசல் எத்தினை இறாத்தலில வரும்?"

"எட்டு, ஒம்பது. மிஞ்சினால் பத்து."

"அப்ப பவுண் நிறுக்க நெல்லு மூட்டைத் தராசையோ கொண்டுவந்து வைச்சிருக்கிறாய்?"

மாமா தலையில் கைவைத்துக்கொண்டு லொறிப் படியில் இருந்துவிட்டார். டீசல் மணத்த மீற்றரைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. ஒரு தேங்காய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற அம்மா அன்று வாயே திறக்காமல் பதினைந்து இறாத்தல் மீற்றரை வாங்கினார். அதிலும் முகம் பெரியதாகப் பார்த்து வாங்கினார்.

இந்த முறை எஞ்சின் எழும்பியதும் முள் ஒன்பதுக்குத் துள்ளி நின்று காய்ச்சல்காரன் கைபோல நடுங்கியது. குழாயில் வைத்திருந்த சின்னத் திருகை மாமா மெல்ல மெல்ல இறுக்க, நடுக்கம் அடங்கியது. ஐந்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்தவேண்டும் என்று சொல்லி, அந்த இடத்தில் கோடு போடச் சிவப்புக் கேட்டார். கோயில் திருநாளில் வாங்கி ஒளித்து வைத்திருந்த என் நகப்பூச்சை அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மிச்சமிருந்தது இடப் பிரச்சினை. அப்பாவின் கண்ணுக்கு நேரே மாதா இருந்தார். மாமா மாதாவை அசைக்கப் பயந்தார். மீற்றரை நடுவில் வைத்தால் முன்சீற்றிலிருந்து எனக்கும் தெரியும் என்று நான் ஒரு வழி சொன்னேன். அம்மா கேட்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு மாதாவைத் தன் கையாலேயே உரித்து நடுவில் ஒட்டினார்.

"மாதா எங்கயிருந்தாலும் பார்ப்பா. இது அப்பாவின்ர கண்ணுக்கு நேரதான் இருக்கவேணும்."

என் நகப்பூச்சையும் எடுத்துவிட்டு, எனக்குத் தெரியாத இடத்தில் மீற்றரையும் பூட்டிய வீட்டோடு நான் ஒரு நாள் முழுவதும் கதைக்கவில்லை.

மீற்றரோடு போன முதல் ஓட்டத்துக்கு அம்மா ஏறவில்லை. "நீ முன்னுக்கு ஏறு" என்றார். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பாய்ந்து ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா வாசல் படலையைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். லொறிச் சத்தம் தேயும்வரை அப்படியே நின்றிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

தாராபுரம் தாண்டியதும் அப்பா தானாகவே லொறியை ஓரங்கட்டினார். எஞ்சின் விக்கவேயில்லை. நான் எட்டிப் பார்த்தேன், முள் என் நகப்பூச்சுக் கோட்டுக்குக் கீழே இருந்தது. அப்பா பில்ற்றரை மாற்றிவிட்டு, மீற்றரின் கண்ணாடியை உடுத்திருந்த சாரத்தால் துடைத்து, குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார். அன்று சாமான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு சீமெந்துக் கடைக்காரர் வேறு லொறி தேடவில்லை.

முகாமுக்குப் போவதற்கு முன்னமே ஷெல் ஒன்று பக்கத்தில் விழுந்து அப்பாவின் காது பழுதாகி, ஆண்டுக்காண்டு மோசமாகிக்கொண்டு போனதை எனக்குப் பதினாறு வயதானபோதுதான் அம்மா சொன்னார். வெளியே தெரிந்தால் லொறியை நம்பி யாரும் சாமான் தரமாட்டார்கள் என்று இருவரும் மறைத்து வைத்திருந்தார்கள். அம்மா முன்சீற்றில் இருந்தது ஊர் பார்க்க அல்ல. அப்பாவின் தோளில் தட்டிய தட்டெல்லாம் எஞ்சினின் சத்தம்.

மீற்றரோடு ஓடிய அந்த முதல் நாள் எனக்கு இது ஒன்றும் தெரியாது. போகும் வழியெல்லாம் அப்பாவோடு கதைத்துக்கொண்டே போனேன். தாம்போதியில் ஏறியதும் மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் காய்ச்சல் கேட்டது நான்தான், சீமெந்து நனைந்ததும் என்னால்தான் என்று அழுதழுது சொன்னேன். அப்பா முள்ளையும் தெருவையும் பார்த்தபடி, "ஓம் பிள்ளை, ஓம்" என்று தலையாட்டிச் சிரித்தார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.