சிரிப்புக்காரி சிரிக்காத அத்தியாயம்

என் நாவலில் வரும் நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கேள்விதான். நான்காவது கேட்டால் காவலர்கள் வந்து அழைத்துப்போவார்கள். திரும்பி வருகிறவர்கள் அதன்பிறகு எதையுமே கேட்பதில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எழுதியது முழுக்கக் கம்பெனி பஸ்ஸில், போனில், கட்டைவிரலால். ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் தூங்கலாம், சண்டை போடலாம், கதை எழுத முடியாது.

பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைப்பவள் என் தோழி. திருப்புட்குழிக்காரி. காஞ்சிபுரத்திலேயே ஏறிவிடுவாள். ஜன்னலோர சீட்டில் டிபன் பையை வைத்துவிட்டு, யார் வந்து கேட்டாலும் "ஆள் வருது" என்று சிரித்தே விரட்டிவிடுவாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான். டயர் பஞ்சரானாலும் சிரிப்பாள், சூப்பர்வைசர் திட்டினாலும் சிரிப்பாள். நான் எழுத எழுதப் படித்த முதல் ஆளும் அவள்தான்.

கதையில் முக்கியமாக இரண்டு பெண்கள். ஒருத்தி கேள்விக்காரி. அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. பசிக்காது, தூக்கம் வராது, காவலனின் கண்ணைப் பார்த்து மூன்றாவது கேள்வியைக் கேட்பாள். நான் எப்படி இருக்க ஆசைப்பட்டேனோ அப்படியே அவளைச் செய்து வைத்திருந்தேன். இன்னொருத்தி சிரிப்புக்காரி. அவள் கேள்வியே கேட்பதில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளை யாரைப் பார்த்து எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அதில் வன்மம் ஏதும் இல்லை. அது கேன்டீன் விவகாரத்துக்குப் பிறகுதான் வந்தது. சாப்பாடு அடிக்கடி கெட்டுப்போய் வந்ததால் நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினேன். திங்கட்கிழமை எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதாகத் திட்டம். மனு எழுதியது எனக்கும் தோழிக்கும் மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை காலை வாசலிலேயே சூப்பர்வைசர் என்னை நிறுத்தி, பையிலிருந்த மனுவை வாங்கிக்கொண்டு, பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார். அங்கே எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை.

இரண்டு மாதமாக அவளிடம் நான் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் போட்டு வைத்த சீட்டில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதினேன். அதில் சிரிப்புக்காரி ஒரே ஒரு ஆரஞ்சுப் பழத்துக்காகக் கேள்விக்காரியைக் காட்டிக்கொடுக்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டே. எழுதி முடித்ததும் போனை அவள் கையில் கொடுத்தேன். வேண்டுமென்றேதான் கொடுத்தேன். அவள் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

வாலாஜாபாத் வரை படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் நான் ஏறியபோது என் இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். போனை எடுத்தேன், ஒரு வரிகூட ஓடவில்லை.

நான் எழுத எழுத அனுப்பிக்கொண்டிருந்த சென்னைப் பதிப்பகத்திலிருந்து அந்த வாரமே அழைத்தார்கள். ஒன்பது அத்தியாயங்களும் படித்தாயிற்றாம். "அந்தக் கேள்விக்காரி பிரமாதம்மா. துளி பயமில்ல. பசங்களுக்கு இப்படித்தான் வேணும். அவள மட்டும் மாத்திடாதீங்க" என்றார் பதிப்பாசிரியர். என் பெயர் போட்ட புத்தகம் வரப்போகிறது. குதித்திருக்க வேண்டும். யாரிடம் சொல்லிக் குதிப்பது?

அன்று மாலை கடைசி சீட்டில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தேன். என் கேள்விக்காரி காவலனைக் கேட்கிறாள், நீதிபதியைக் கேட்கிறாள், நகரத் தலைவனையே கேட்கிறாள். கூட வளர்ந்த சிரிப்புக்காரியிடம் மட்டும் 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்கவில்லை. கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். அது தைரியமா? எனக்கு வெட்கமாக இருந்தது. நாளை கேட்டே ஆவது என்று முடிவு செய்தேன்.

காலையில் கம்பெனி வாசலில், பை சோதனை வரிசையில் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"நீயா சொன்ன?"

அவள் திரும்பினாள். "ஆமா. நான்தான் சொன்னேன்."

எனக்கு அறைய வேண்டும்போல வந்தது. "ஏன்டி?"

"என் கான்ட்ராக்ட் பேப்பர முன்னாடி வெச்சிக்கினு சூப்பர்வைசரு கேட்டாரு. இதெல்லாம் யாரு ஆரம்பிக்கிறதுன்னு ஒரே ஒரு கேள்வி. எங்க வீட்ல வேலைக்கு வர்றது நான் ஒருத்திதான், தெரியும்ல? பயந்துட்டேன். உன் பேரு வாயில வந்துடுச்சி."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உன் கதையிலதான் மூணு கேள்வி. இங்க உன் வாய யாரு கட்டிப்போட்டா? ரெண்டு மாசமா உனக்கு எடம் போட்டுக்கினு வந்தேன். இன்னிக்கி கேப்ப, இன்னிக்கி கேப்பன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ பக்கத்துல குந்திக்கினு கத எழுதிக்கினு இருந்த."

வரிசை நகர்ந்தது. பையைத் திறந்து காட்டினாள். உள்ளே போகும் முன் திரும்பிச் சொன்னாள்: "காட்டிக்குடுத்தத எடுத்துடாத. அது நெசம். ஆனா சிரிச்சிக்கினே சொன்னான்னு எழுதிகிறியே, அத மாத்து. அன்னிக்கி நான் சிரிக்கல."

கோபம் அன்றே போய்விடவில்லை. பேக்கிங்கில் நின்று நின்று கால் வீங்கும்போதெல்லாம் திரும்ப வந்தது. ஆனாலும் பதிப்பாசிரியரை அழைத்து, இரண்டு பேரையுமே மாற்றப்போகிறேன் என்று சொன்னேன். "பயப்படற ஹீரோயின யாரும்மா படிப்பாங்க?" என்றார். பயந்தவர்கள் படிப்பார்கள் சார், என்றேன். புத்தகம் போடுவதாக இருந்தால் இப்படித்தான் என்றும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்பது அத்தியாயங்களையும் அழித்தேன். முதலிலிருந்து எழுதினேன். இப்போது கேள்விக்காரிக்குப் பசிக்கிறது, பயமாகவும் இருக்கிறது, கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டு தோழி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆரஞ்சுப் பழம் கிடையாது. சிரிப்புக்காரி ஒரு மேஜைக்கு முன்னால் நிற்கிறாள், மேஜைமேல் அவள் வேலைக் காகிதம். அந்த அத்தியாயத்தில் அவள் சிரிக்கவில்லை.

அதை முடித்த அன்று பஸ்ஸில் நேராக அவளிடம் போனேன். ஜன்னலோர சீட்டில் டிபன் பை இருந்தது. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். போனைக் கொடுத்தேன். வாலாஜாபாத் தாண்டியும் படித்துக்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவளுக்கு எதுக்குடி கேள்விக்காரின்னு பேரு? ஒன்னே ஒன்னு கேக்க ரெண்டு மாசம் ஆயிருக்குது" என்றாள். சிரித்தாள்.

பெயரை மாற்ற மாட்டேன் என்றேன். கஷ்டமான கேள்வியைக் கேட்டுவிட்டாள், மீதியையும் கேட்பாள்.